வெளிச்ச டாக்டரின் வடக்குச் சுவர்

ரொட்டிக் கடைக்காரியின் இடது கன்னத்தில் பதினோரு வருஷமாகக் குடியிருந்த படை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு அவளை விட்டு இறங்கி, எதிரே இருந்த வடக்குச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத் துணியை அப்பியதுபோல லேசாக ஓர் ஓசை, அவ்வளவுதான். நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், சுவரைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவினாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், மேல் ஓரம் சிவப்பு, கீழ் ஓரத்தில் கொக்கிபோல ஒரு வளைவு. சந்தேகத்துக்கே இடமில்லை. “என்னுதுதான்,” என்றாள். நர்ஸ் பதிவேட்டில் அவள் எண்ணுக்கு நேராக ‘இடம் மாறியது’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டாக்டர் இதைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில், வாசல் பெயர்ப்பலகையில் தன் பெயருக்குக் கீழே நாலாவதாக என்ன வரி சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் அறுவைச் சிகிச்சை படிக்கத்தான் போனார். முதல் நாள் மேஜையில் ரத்தத்தைக் கண்டதும் மயங்கி நோயாளி மேல் சாய்ந்தார். இரண்டாம் நாள் ஆசிரியர் மேல் சாய்ந்தார். மூன்றாம் நாள் அவர் நின்ற இடத்தைச் சுற்றி நாலடிக்கு யாருமே நிற்கவில்லை. ரத்தம் வெளியே தலைகாட்டாத துறை ஏதாவது உண்டா என்று விசாரித்ததில், தோல் என்றார்கள். அந்தக் காலத்தில் தோல் டாக்டர் என்றால் களிம்பு கொடுப்பவர் என்று அர்த்தம். மஞ்சள் களிம்பு, அது கேட்காவிட்டால் கறுப்புக் களிம்பு, அதுவும் கேட்காவிட்டால், இடைவெளி விட்டு மறுபடி மஞ்சள். ஆறு வருஷம் அவரும் இந்தச் செக்கைச் சுற்றினார். ஏழாவது வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி ஜன்னல் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, “இந்த வெயில் இருக்கே, எல்லாத்தையும் வெளுத்து எடுத்துடுதுங்க. போன வருஷம் வாங்கின திரை, இப்ப பாருங்க லட்சணத்தை,” என்றாள். டாக்டர் பார்த்தார். நிழலில் கிடந்த மடிப்புகள் அரக்குச் சிவப்பாகவே இருந்தன. வெயில் பட்ட மடிப்புகள் மட்டும் நல்ல வெள்ளை. துணியின் சிவப்பை எடுக்கிற வெளிச்சம் தோலின் சிவப்பை எடுக்காதா என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது. பிற்பாடு வந்த அவருடைய பெரிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், ‘ஏழாண்டுத் தனிமைச் சிந்தனையில் எமக்குப் புலப்பட்ட உண்மை’ என்று இது குறிப்பிடப்பட்டிருக்கிறது. மனைவி புதுத் திரை கேட்டாள். கையெழுத்துப் போட்ட புத்தகம் ஒன்று கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட நோய் லேசுப்பட்டதல்ல. தோலில் வருகிற காசநோய் அது. மூக்கிலோ கன்னத்திலோ சிவப்பாக ஒரு பொட்டுப் போலத் தொடங்கி, அவசரமே இல்லாமல், வருஷக்கணக்கில் முகத்தை அரித்துக்கொண்டு போகும். ஆளைக் கொல்லாது, ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். ஊரில் வருஷத்தில் பாதி நாள் மேகமூட்டம் என்பதால், டாக்டர் வெயிலை நம்பவில்லை. இரண்டு கரிக் குச்சிகளின் நுனிகளைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, நடுவே மின்சாரத்தைப் பாய்ச்சினால், ‘ஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டு கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் வரும். அதை நீண்ட குழாய் வழியாக இறக்கி, தண்ணீரில் சூட்டைத் தணித்து, படிகக்கல் லென்ஸ் ஒன்றின் வழியாகப் படையின் மேல் விழவிட வேண்டும். ஒரே ஒரு சிக்கல்: தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும்வரை வெளிச்சம் உள்ளே இறங்காது. ஆகவே அந்த லென்ஸை யாராவது தோலில் வைத்து, ரத்தம் விலகி இடம் காகிதம்போல வெளுக்கும்வரை அழுத்தி, அப்படியே ஒரு மணி நேரம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு காசு அகலம் இடம். டாக்டரின் விரல் நாலு நிமிஷம் தாங்கியது.

அதற்காக வந்தவள்தான் நர்ஸ். அதற்குமுன் புத்தகம் கட்டும் பட்டறையில், பசை தடவிய அட்டையை விரலால் அழுத்தி ஒட்டும் வேலையில் இருந்தாள். அவள் அழுத்தி ஒட்டிய அட்டை புத்தகம் கிழிந்தாலும் கழலாது என்று பேர். லென்ஸை வைத்து அழுத்தினால் சுவர்க்கடிகாரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை கையை எடுக்கமாட்டாள்; கை அங்கே இருக்க, வாய் அது பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நோயாளிகள் அவளைக் கட்டைவிரல் அக்கா என்றார்கள். டாக்டரின் புத்தகத்தில் அவள் ‘அழுத்துக் கருவி’ என்று வருகிறாள். மூன்றாவது படத்தில், இடது ஓரமாக, அவளுடைய நகம் தெரியும்.

ரொட்டிக் கடைக்காரிதான் முதல் நோயாளி. களிம்புகளில் அவள் முழுச் சுற்றும் பார்த்திருந்தாள். படை வந்த மறுவாரமே கடையின் மேஜையைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டு, வாங்க வருபவர்கள் வலது பக்கமாக மட்டும் வரும்படி செய்துவிட்டாள். பதினோரு வருஷம் பக்கவாட்டில் நின்றபடியே ரொட்டி விற்றாள். ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய ஒரு காதைத்தான் தெரியும். பதினாலு மாதம், ஞாயிறு தவிர தினமும் ஒரு மணி நேரம், கட்டைவிரலுக்குக் கன்னத்தைக் கொடுத்தாள். படை சுவருக்கு இறங்கிய அன்று நேராகக் கடைக்குப் போனாள். யாரையும் கூப்பிடாமல், ஒற்றை ஆளாக அந்த மேஜையை இழுத்துத் தெருவைப் பார்க்கப் போட்டாள். அன்றைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள் கடை கைமாறிவிட்டதாக நினைத்தார்கள்.

அடுத்து தபால்காரரின் நெற்றி இறங்கியது. அதன்பின் டிராம் ஓட்டுபவரின் தாடை, ஒரு தையல்காரரின் காது, பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் மேலுதடு. வடக்குச் சுவர் நிறைந்துகொண்டு வந்தது. டாக்டர் ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, கரி விளக்கின் புகை படிந்திருப்பதாக முடிவு சொன்னார். வெள்ளையடித்தார்கள். மூன்று பூச்சு. சுண்ணாம்பு காய்ந்ததும் எல்லாப் படைகளும் போட்டது போட்டபடி மேலே வந்து நின்றன, கொஞ்சம் தெளிவாகவே. அதற்குப்பின் யாரும் வெள்ளையடிக்கவில்லை. குணமானவர்கள் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்து, தங்களுடையது இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போவார்கள். வாத்தியாரம்மா மட்டும் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து, தன் மேலுதட்டை மறைத்து ஆணியடித்துவிட்டுப் போனாள்.

டாக்டரின் பேர் வெளியூர்களுக்கும் பரவியது. மெடல்கள் வந்தன. பெயர்ப்பலகை ஏழு வரியாகி, அதைத் தாங்க இரண்டாவது தூண் நட வேண்டியதாயிற்று. இந்தச் சமயத்தில்தான் டாக்டருக்கு நிரந்தர ஜலதோஷம் பிடித்தது. பதினெட்டு மாதம் கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்காமலே பேசினார், விருந்துக்குப் போனார், பரிசு வாங்கினார். ஞாயிறு மத்தியானங்களில், மருத்துவமனை பூட்டியிருக்கும்போது, அவரும் கட்டைவிரலும் மட்டும் உள்ளே போய், விளக்கை ஏற்றிக்கொண்டார்கள். பதிவேட்டில் எண் எண்பத்தேழு என்று ஒரு புது ஆள் சேர்ந்தார்: ‘மாவு மில் தொழிலாளி, வயது நாற்பத்து நாலு, மூக்கு’. குணங்குறிகளை எழுதுகிற பத்தியை வழக்கம்போலக் கட்டைவிரல் பூர்த்தி செய்தாள்: ‘பொறுமை கிடையாது. வலி தாங்கமாட்டார். சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்.’ எண்பத்தேழின் குணம் அப்பழுக்கில்லாமல் இருந்ததால், டாக்டர் அதை மூக்கு மட்டும் தெரிகிற புகைப்படத்தோடு புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் பத்தியையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பதிவேட்டுக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் இருந்தால் விஞ்ஞானம் கேள்வி கேட்கும். அந்த மூக்கு பல நாடுகளின் பாடப்புத்தகங்களில் ஏறியது. பொறுமையில்லாத, அறிவு போதாத ஒரு கூலியாளிடமே இவ்வளவு பலன் என்றால் என்று பேராசிரியர்கள் வகுப்பில் வியந்தார்கள். மூக்கிலிருந்து இறங்கியது ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், யார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டியிருந்தது. மறுநாள் காலை அங்கே ஒரு பெரிய தேக்கு அலமாரி வந்து நின்றது. மெடல்களை வைக்க என்றார் டாக்டர். ஜலதோஷமும் அன்றோடு விட்டது.

பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, இவ்வளவு பெரிய டாக்டர் இவ்வளவு சின்ன அறையில் இருப்பது ஊருக்கே அவமானம் என்று தீர்மானித்தார்கள். ஒளி வைத்திய நிலையம் ஒன்று கட்டுவதென்றும், பழைய கட்டடத்தை இடித்துவிடுவதென்றும் முடிவாயிற்று. கட்டும் வேலை டாக்டரின் மச்சினனுக்குப் போனது. அவருக்குக் கட்டடக் கலையில் தெரிந்ததெல்லாம் குவிமாடம். ஊரின் மார்க்கெட்டுக்குக் குவிமாடம் வைத்தவர் அவர்தான். தீயணைப்பு நிலையத்துக்கும் வைத்தார். அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கும் ஒன்று இருந்தது. “அத்தான், தலைக்கு மேல ஒரு டோம் இல்லாதவனை எவனும் பெரிய மனுஷன்னு ஒத்துக்கமாட்டான்,” என்றார். டாக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. மருத்துவச் சபையிலிருந்து ஐந்து நிபுணர்கள் திறப்பு விழாவுக்கு வந்து, பிடித்திருந்தால் அவரை ஆயுள் முழுவதற்கும் நிலையத்தின் தலைவராக்குவார்கள் என்ற பேச்சும் இருந்தது.

இடிப்பதற்கு முன் காரையின் கனத்தைப் பார்க்க, கொத்தனார் வடக்குச் சுவரில் ஓர் இடத்தைச் சுரண்டினார். அது டிராம் ஓட்டுபவரின் தாடை. அதே நேரம், நாலு தெரு தள்ளி, நாற்சந்தியில் டிராமை ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தாடை எரிந்தது. கண்ணாடியில் பார்த்தார், படை பழைய இடத்தில் சவுகரியமாக உட்கார்ந்திருந்தது. டிராமை நடுவழியில் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். பின்னாலேயே கண்டக்டர் வந்தார். டிக்கெட் எடுத்திருந்ததால் பயணிகளும் வந்தார்கள். முப்பது பேரும் அறைக்குள் நின்று, சுவரில் காலியாக இருந்த இடத்தையும் அவர் தாடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கொத்தனார் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, “நான் இனிமே தொடமாட்டேன் சாமி,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

செய்தி ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேர பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் மாவுக் கையோடு வந்தாள். அதற்குள் சுவரில் முந்நூற்று எழுபது படைகள் இருந்தன. முந்நூற்று எழுபது பேரும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். டாக்டர் வாசல்படியில் நின்று, ஒரு தாடையை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் எந்த முடிவுக்கும் வராது என்றும், இது தற்செயல் என்றும், திங்கட்கிழமை பத்து மணிக்கு இடிப்பு நடக்கும் என்றும் விளக்கினார்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. சுவர் வேற, தோல் வேற,” என்றார்.

“உங்களுக்குத் தெரியுது டாக்டர். சுவருக்குத் தெரியலையே,” என்றாள் ரொட்டிக் கடைக்காரி. “பதினோரு வருஷம் ஒரு பக்கமா நின்னு வித்தவ நான். இப்ப நேரா நின்னு பழகிட்டேன். மறுபடியும் அந்த மேஜையைத் திருப்பிப் போடுன்னா, என்னால முடியாது. கையில தெம்பு இருக்கு. மனசுல இல்லை.”

டாக்டர் அவளுடைய கன்னத்தைப் பார்த்தார். தான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் குவிமாடத்தின் வரைபடம் சட்டைப்பையில் இருந்தது. விஞ்ஞானம் முன்னேறும்போது சிலர் சிரமப்படத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் அங்கேயே, தன் படைக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் கடை திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கட்டைவிரல் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள்.

“அலமாரியை எங்க எடுத்து வைக்கிறது டாக்டர்?”

“எந்த அலமாரி?”

“மெடல் அலமாரி. அதுக்குப் பின்னால இருக்கிறதை என்ன செய்யறதுன்னு நான் கேட்கலை. அலமாரியைத்தான் கேட்கிறேன்.”

டாக்டரின் கை தானாக மூக்குக்குப் போனது. “அது அந்த மில் தொழிலாளியோடதுல்ல?” என்றார்.

“ஆமா. பாவம் அந்த மனுஷன். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளிய வருவாரோ. ஏற்கெனவே வலி தாங்கமாட்டார்.”

மத்தியானத்துக்குள் டாக்டரின் அறிக்கை வாசலில் ஒட்டப்பட்டது. ஏழை எளியவர்களின் கண்ணீர் ஊறிய புனிதமான சுவரின் மேல் கடப்பாரை படுவதைத் தம்மால் நினைத்தும் பார்க்க முடியவில்லை என்றும், தம்முடைய புகழைவிட ஒரு ரொட்டிக் கடைக்காரியின் நிம்மதியே தமக்குப் பெரிது என்றும் அதில் இருந்தது. ஊர் உருகிவிட்டது. அவருடைய அடக்கத்தைப் பாராட்டி ஒரு கூட்டம் போட்டு மூன்று மணி நேரம் பேசினார்கள். அடக்கத்துக்கு என்று தனியாக ஒரு மெடலும் கொடுத்தார்கள். வீட்டில் மட்டும், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “என்னங்க, அந்த ஜலதோஷம் திரும்ப வந்துடும்னு பயந்துட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள். எப்படியானாலும் முந்நூற்று எழுபது முகங்கள் தப்பின. டிராம் ஓட்டுபவரின் தாடையைக் கட்டைவிரல் மறுபடியும் ஐந்து மாதம் அழுத்தி, சுவரில் வேறோர் இடம் பார்த்து இறக்கிவிட்டாள்.

மச்சினன் அதற்கும் வழி வைத்திருந்தார். பழைய அறையை இடிக்காமல், அதை நடுவில் அப்படியே விட்டு, சுற்றிலும் மேலேயும் குவிமாடத்தை எழுப்பினார். பெரிய சட்டியைக் கவிழ்த்து ஒரு தீப்பெட்டியை மூடிவைத்ததுபோல இருந்தது. இரண்டு வருஷ வேலை. ஜன்னல் வைத்தால் டோமின் அழகு கெட்டுவிடும் என்று அவர் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ஒளி வைத்திய நிலையத்துக்குள் பட்டப்பகலில் விளக்கு இல்லாமல் யாரும் நடக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. காற்றும் கிடையாது. கட்டி முடித்த வாரம் மழைக்காலம் தொடங்கி, உள்ளே மாட்டிக்கொண்ட பழைய சுவர் வியர்க்க ஆரம்பித்தது.

திறப்பு விழாவுக்கு ஐந்து நிபுணர்களும் ஒரே நிறத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். குணமானவர்களை எண் வரிசைப்படி நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போது அவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எண்பத்தேழு மட்டும் காலி. நிபுணர்களின் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அந்த மூக்கைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். ஆள் எங்கே?” என்று கேட்டார். மில்லில் லீவு கொடுக்கவில்லை என்றார் டாக்டர். பிறகு மேடையேறி, தம்முடைய வாழ்க்கையைத் தம்முடைய பிறப்பிலிருந்து தொடங்கினார். ஆயுள் பதவிக்கான உத்தரவு, முத்திரையோடு, மேஜைமேல் ஒரு வெள்ளித் தட்டில் இருந்தது. பேச்சு முடிந்ததும் கொடுப்பதாக ஏற்பாடு.

அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கட்டத்தில் சுவருக்கு அரிப்பு எடுத்தது. சுவருக்குக் கையில்லை. ஆகவே அந்த அரிப்பு படைக்குச் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. முதலில் தபால்காரர் நெற்றியைச் சொறிந்தார். சொறியச் சொறிய அடங்கவில்லை. நெற்றி வழவழவென்று சுத்தமாகத்தான் இருந்தது, அரிப்பு இருந்தது வேறிடத்தில். அவருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. எழுந்து, குனிந்தபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி, பழைய அறைக்குள் போனார். உள்ளேயிருந்து ‘அப்பாடா’ என்று ஒரு குரல் கேட்டது. அடுத்து தையல்காரர் எழுந்தார். அதற்குப்பின் வரிசை வரிசையாக எழுந்தார்கள். வாத்தியாரம்மா கைக்குட்டையை எடுத்துவிட வேண்டுமே என்ற கவலையோடு ஓடினாள். ரொட்டிக் கடைக்காரி, பேசுகிறவரை மதித்து, வாக்கியம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டரின் வாக்கியங்கள் அப்படி முடிகிற ரகம் அல்ல. அவளும் போனாள்.

கூடத்தில் ஐந்து நிபுணர்களும், மச்சினனும், டாக்டரின் மனைவியும்தான் மிச்சம். டாக்டர் நிறுத்தவில்லை. மூக்கை மேஜையில் தேய்த்தார். கைக்குட்டையால் தேய்த்தார். மெடலின் ஓரத்தால் தேய்த்தார். ‘மனித குலத்துக்கு யாம் அளித்த ஒளியானது’ என்று தொடங்கிய வாக்கியம் மூன்று முறை ‘ஒளியானது’ வரையே வந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது. நிபுணர்கள் அதை உணர்ச்சிப்பெருக்கு என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். வெள்ளித் தட்டு ஒரு கை தூரத்தில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். அறை வாசலைப் பார்த்தார். நாலாவது ‘ஒளியானது’க்குப் பிறகு மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

உள்ளே நானூறு பேருக்கு மேல், ஆளுக்கொரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, நெருக்கியடித்து, கண்ணை மூடிச் சொறிந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் அலமாரியைத் தள்ளிப் பார்த்தார். இருபது வருஷத்து மெடல், அசையவில்லை.

“யாராவது இதைக் கொஞ்சம் பிடிங்களேன்,” என்றார்.

யாருக்கும் கை ஒழியவில்லை. ரொட்டிக் கடைக்காரி சொறிகிற கையை எடுக்காமலே மற்றக் கையைக் கொடுத்தாள். டிராம் ஓட்டுபவர் இடுப்பால் முட்டுக் கொடுத்தார். அலமாரி நகர்ந்ததும் கதவு திறந்து மெடல்கள் தரையில் கொட்டின. டாக்டர் அவற்றை மிதித்துக்கொண்டு நின்று, சுவரில் இருந்த மூக்கின் மேல் பத்து நகங்களையும் வைத்தார். அவர் விட்ட பெருமூச்சில் பக்கத்தில் நின்றவரின் தலைமுடி பறந்தது.

டிராம் ஓட்டுபவர் திரும்பாமலே கேட்டார்:

“மில்லுல உங்களுக்கு எந்த ஷிப்டு டாக்டர்?”

“விடுப்பா,” என்றாள் ரொட்டிக் கடைக்காரி. “டாக்டர், மெதுவா. அந்த ஓரத்துல அழுத்தாதீங்க, புண்ணாயிடும். நான் பட்டிருக்கேன்.”

டாக்டர் மெதுவாகச் சொறிந்தார். அவர் முகத்தில் இருபது வருஷமாக இருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாக, மாவு மில்லில் வேலை செய்கிறவர் மாதிரித்தான் இருந்தார். அறை வாசலில் நிபுணர்களின் தலைவர் வந்து நின்று, பாடப்புத்தகத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அந்த மூக்கை ஒரு பக்கமாகவும் நேராகவும் பார்த்தார். கட்டைவிரல் பதிவேட்டைத் திறந்து, எண்பத்தேழுக்கு நேராக ‘ஆஜர்’ என்று குறித்துக்கொண்டாள்.

ஆயுள் பதவி அவருக்குத்தான் கிடைத்தது. உத்தரவு அச்சாகிவிட்டிருந்தது, முத்திரையும் குத்தியாகிவிட்டது, அதை ரத்து செய்வதற்குச் சபையில் படிவம் கிடையாது. நிபுணர்களின் அறிக்கையில், நோயாளிகள் நிலையத்தின் மேல் வைத்திருக்கும் பற்று நேரில் கண்டால்தான் நம்பக்கூடியது என்றும், தலைவரே அவர்களோடு ஒருவராகக் கலந்து நிற்பது மற்ற நிலையங்களும் பின்பற்றத்தக்கது என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த இரண்டு வெளிநாட்டு மருத்துவமனைகளில், தலைவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் சுவரைச் சொறியத் தொடங்கினார்கள். பலன் என்ன என்று தெரியவில்லை. அலமாரியைப் பழைய இடத்தில் வைக்கட்டுமா என்று கட்டைவிரல் கேட்டபோது, வேண்டாம், இடைஞ்சலாக இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொட்டிக் கடை மறுநாள் வழக்கம்போலத் திறந்தது. மேஜை தெருவைப் பார்த்தே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த நோய்க்கு மாத்திரை வந்தது. ஒரு மணி நேரம் அழுத்தவும் வேண்டாம், பதினாலு மாதம் வரவும் வேண்டாம், விழுங்கினால் போதும். கரி விளக்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கட்டைவிரல் ஓய்வு பெற்றாள். குவிமாடத்தை வாகன ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் முதல் வேலையாக அதில் நாலு ஓட்டை போட்டுக் காற்று வரவிட்டார்கள். அதனால் சுவருக்கு இப்போதெல்லாம் வருஷம் முழுக்க அரிப்பதில்லை, மழைக்காலத்தில் மட்டும்தான். அந்த மாதங்களில் உரிமத்துக்கு நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை நிற்கும். கையில் குடையோடு, வயதான டாக்டர், தபால்காரருக்கும் வாத்தியாரம்மாவுக்கும் நடுவில் நிற்பார். முன்பு தலைவராக இருந்தவர் என்பதற்காக யாரும் வழிவிடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. ரொட்டிக் கடைக்காரி சில நாள் முந்திய நாள் ரொட்டி கொண்டுவந்து வரிசைக்குக் கொடுப்பாள். டாக்டர் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வார். யாராவது இறந்துபோனால் அவர்களுடைய படை காய்ந்து, காரைப் பொருக்காகத் தானே உதிர்ந்துவிடும். கொத்தனார் வந்து அந்த இடத்தைப் பூசிவிட்டுப் போவார். உரிம அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற அதிகாரிகள் முதல் மழையில் கொஞ்சம் விழிப்பார்கள், இரண்டாவது மழையில் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அறை காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை திறந்திருக்கும். நகத்தை வெட்டிக்கொண்டு வரவும், அடுத்தவருடையதைச் சொறியக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது.